சிவப்பு டேப் செம்பருத்தி

மாதனூர்
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகன் மோசஸுக்கு அப்பா எழுதுவது. இங்கே கர்த்தருடைய கிருபையில் நானும் அம்மாவும், போன வாரம் இரண்டு குட்டி போட்ட வெள்ளாடும் சுகம். நீயும் வியட்நாமில் வேளைக்குச் சாப்பிட்டு, லைனில் யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போகாமல் சுகமாகத்தான் இருப்பாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற அப்பனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய், சிரி. போனில் பேசினால் உங்கம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் இந்த விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் தொடையைக் கிள்ளுகிறாள், கண்தான் மங்கியிருக்கிறதே தவிர கிள்ளுகிற இடம் ஒருநாளும் தவறுவதில்லை. பச்சையப்பன் மகன் நவீன்குமார் உன் ஷூ கம்பெனியிலேயே தோல் கட்டிங்கில் சேர வருகிறான் அல்லவா, அவன் பெட்டியில்தான் இந்தக் கடிதமும் மாங்காய் ஊறுகாயும் வருகின்றன. ஊறுகாய் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு, அதற்கு மேல் டேப் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது கத்தி எடு, பல்லால் கடிக்காதே. டேப் விஷயத்தில் அப்பா இப்போது ஊரில் பெரிய ஆள், அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மனதைத் திடப்படுத்திக்கொள், பயப்பட ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லபடியாக ஆன பிறகுதான் எழுதுகிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல், வேலூரில் குளுக்கோஸ் ஏற்றினார்கள் என்று சொன்னேனே, அது காய்ச்சல்தான், ஆனால் மழையில் நனைந்து வந்த காய்ச்சல் இல்லை. உங்கம்மா தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்றால், குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போகப் பயம், அவ்வளவுதான். நீ ஆசைப்பட்டுக் கட்டிக் கொடுத்த பாத்ரூம் இருக்கிறதே, சுவர் வெள்ளை, தரை வெள்ளை, கமோடு வெள்ளை, அதற்குத் தோதாக நான் வாங்கி வைத்த பக்கெட்டும் மக்கும்கூட வெள்ளை. அன்றைக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், நமக்கும் பெருமைதான். சர்க்கரை கண்ணைப் பிடித்த பிறகு உங்கம்மாவுக்கு அது மொத்தமும் மார்கழிப் பனி. தரை எங்கே முடிகிறது, கமோடு எங்கே ஆரம்பிக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் பாத்ரூம் வாசல் படி தெரியாமல் கால் வைத்து விழுந்தாள், முழங்கை சிராய்ப்போடு போயிற்று, தலை அந்தக் குழாயில் இடிக்காமல் காத்தது ஆண்டவர்தான். நீ உடனே நான் வெள்ளை டைல்ஸ் கேட்டதனால்தானே என்று ஆரம்பிக்காதே, கடைக்குப் போய் எடுத்தது நான், அப்போது அவளுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, யாருக்கு என்ன தெரியும்.

விழுந்த பிறகு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, கதவைப் பாதி திறந்து வைத்து வெளியே நிற்பேன். அது அவளுக்குச் செத்த பாடு. கட்டின புருஷனாவே இருக்கட்டும், இதுக்குமா ஒரு ஆளு காவலுக்கு நிக்கிறது, எனக்கு மானமே போவுதுங்க என்றாள். நான் இன்னாடி இது பேஜாரா போச்சு, வயசான காலத்துல நமக்குள்ள இன்னா வெக்கம் என்று சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. அவள் சண்டை போடவில்லை, தண்ணீரைக் குறைத்துவிட்டாள். நான் சாப்பாட்டோடு சொம்பில் தண்ணீர் வைப்பேன், உதட்டை நனைத்துவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் ஓரத்துக் கனகாம்பரத் தொட்டியில் ஊற்றிவிடுவாள். இந்த வெயிலில் கனகாம்பரம் மட்டும் எப்படி இப்படிக் கொழுத்து நிற்கிறது என்று நான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன், என் மூளையை என்ன சொல்ல. கடைசியில் நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல், ஆட்டோ பிடித்து ஓட்டம். டாக்டரம்மா சின்னப் பெண்தான், உன் வயசுதான் இருக்கும், பாட்டிம்மா சர்க்கரை இருக்கிறவங்க தண்ணிய நிறுத்தினா கிட்னி போய்டும், அப்புறம் வாரா வாரம் மெஷின்லதான் வந்து படுக்கணும் என்று ஒரே போடாகப் போட்டது. அம்மா அதற்கும் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் கனகாம்பரத்துக்குத்தான் ஊற்றினாள். எனக்கு அப்போது வந்த பயம் இருக்கிறதே, அதை உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

அப்போதுதான் பரணில் நீ விட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. லைனில் மிச்சமானது என்று நீ கொண்டு வந்த டேப் ரோல்கள், சில்வர், சிவப்பு, பச்சை, நீலம், அத்தோடு மணல்தாள் மாதிரி சொரசொரவென்று மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒன்று. கம்பெனியில் கால் தடுக்கும் இடத்தில் அதைத்தானே ஒட்டுவோம், அதை எடுத்து முதலில் வாசல் படியில் ஒட்டினேன். அது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இன்னாங்க படிக்குப் புலித்தோல் போத்தியிருக்கீங்க என்றாள். எனக்கு ஒரே குஷி. அடுத்து கமோடைச் சுற்றிச் சில்வர் டேப் ஒட்டினேன், அழகாகத்தான் இருந்தது, ஆனால் வெள்ளையில் சில்வர் அவள் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. இதற்கு நடுவில் ஒரு கூத்து. ஷூ கம்பெனி லாஸ்டிங்கில் காலம் பூரா சோல் ஒட்டின கை, ஒட்டினால் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால்தானே பிடிக்கும், நான் நினைப்பில்லாமல் சுவரில் ஒட்டின டேப்பையும் ஷூ சுத்தியை எடுத்து டக் டக் என்று தட்டினேன். டைல்ஸ் நடுவில் குறுக்காக விரிசல் விட்டுவிட்டது. அது என்ன சத்தம் என்று அடுப்படியிலிருந்து கேட்டாள், ஆடு முட்டுது என்று சொல்லிவிட்டேன். பாத்ரூமுக்குள் ஆடு எப்படி வந்தது என்று அவள் கேட்காமல் விட்டாளே, அதுவே பெரிசு.

பிறகு ஒவ்வொரு கலராகத் துண்டு வெட்டி வெள்ளைத் தட்டில் வைத்து அவள் முன்னால் காட்டிப் பார்த்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. சிவப்புதான் அவளுக்கு உடனே தெரிந்தது. சரி என்று, அவள் பக்கத்து வீட்டு ஷஹீன் பானுவோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பாத்ரூமுக்குள் புகுந்து சிவப்பு ரோலில் பாதியைக் காலி செய்தேன். கமோடு விளிம்பு, பிடித்துக்கொள்ளும் கம்பி, குழாய்த் திருகு, மக்குக் காது, பக்கெட் வாய், சோப்பு டப்பா, கதவுத் தாழ்ப்பாள், அவள் தொடுகிற சாமான் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பட்டை. அத்தோடு நின்றேனா, வேகத்தில் அவள் உட்காருகிற நாற்காலிக் கைக்கும், அவள் தண்ணீர்ச் சொம்புக்கும் ஒட்டினேன். சுத்தி எடுக்கவில்லை, கட்டை விரலால்தான் தேய்த்தேன். வா வா என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்து பார் என்று காட்டினேன். பார்த்தாள். குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், விரலால் தடவினாள். போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள், சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்து வரவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு செய்தும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாளே என்று கோபம்கூட வந்தது, உனக்குத்தான் என் கோபம் தெரியுமே. இன்னாடி, தெரியுதா இல்லையா, அதையாச்சும் சொல்லித் தொலை என்று கத்தினேன். தெரியுது, நல்லாத் தெரியுது, செக்கிங் டேபிள்ல அத்தினி வருஷம் நின்னவளுக்குச் செவப்பு டேப்புன்னா இன்னான்னு தெரியாதா, என்னையும் தள்ளிட்டீங்களா என்றாள். மோசஸ், அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் லைனிலும் அதே கலர்தானே, பச்சை ஒட்டினால் பாஸ், சிவப்பு ஒட்டினால் ரிஜெக்ட், தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போடு. உங்கம்மா எத்தனை ஆயிரம் ஜோடியில் அந்தச் சிவப்பை ஒட்டியிருப்பாள். நான் ஒட்டின சோல் ஓரம் பிரிந்திருக்கிறது என்று என் ஜோடியில் சிவப்பை ஒட்டி, சூப்பர்வைசரிடம் எனக்கு வசவு வாங்கிக் கொடுத்து, அதைக் கேட்கப் போய்த்தானே எங்கள் கல்யாணமே நடந்தது. அப்படிப்பட்டவள் தொடுகிற சாமான் ஒன்று விடாமல், உட்காருகிற நாற்காலி வரைக்கும், சிவப்பு ஒட்டி வைத்து வந்து பார் என்று இளித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உன் கண்ணுக்கு அதுதான் தெரியுதுன்னு ஒட்டினேன், வேற ஒண்ணும் இல்லடி என்று சொன்னேன், அது அவளுக்கும் தெரியும், தெரிந்தாலும் கண்ணில் பட்டது பட்டதுதானே. அன்றைக்கு அவள் அழுததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் நாற்காலியில் ஒட்டினதைப் பிய்த்து எடுத்தேன், சொம்பில் இருந்ததையும் எடுத்தேன். பாத்ரூமில் இருப்பதை எடுத்தால் மறுபடியும் பனிதான். என்ன செய்வது என்று கத்தரிக்கோலும் டேப்புமாக உட்கார்ந்து, பட்டையாக இருந்தால்தானே ரிஜெக்ட், பூவாக இருந்தால் என்ன என்று ஒரு செம்பருத்தி வெட்டிப் பார்த்தேன். இதழ் ஐந்தும் ஐந்து சைஸ். கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், ஓரத்தைக் கட்டை விரலால் தடவினாள், செக்கிங்கில் தடவுவாளே அதே தடவல். இது இன்னாது, நண்டா என்றாள். செம்பருத்தி என்றேன். இந்தச் செம்பருத்திய வச்சி ரசம்தான் வைக்கலாம், ரிஜெக்ட் என்று சொல்லி அதை என் சட்டையிலேயே ஒட்டிவிட்டாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் லைன் ஓட ஆரம்பித்தது, நான் கட்டிங், அவள் செக்கிங். கூரான முனை வேணாம், தண்ணி பட்டா முனையிலதான் தூக்கும், வளைச்சி வெட்டுங்க என்பாள். ஒற்றைப் பூவே கூடாது, ஜோடியாத்தான் வெட்டணும், எடது ஒண்ணு வலது ஒண்ணு, ரெண்டும் ஒரே ஒசரத்துல ஒட்டினாத்தான் நடுவுல நான் சரியா உக்காருவேன் என்பாள். நான் வெட்டுகிறதில் பாதிக்கு மேல் ரிஜெக்ட், எல்லாம் என் சட்டைக்குத்தான். ஒருநாள் முதுகில் ஒட்டினது தெரியாமல் பால் வாங்கப் போய்விட்டேன், கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், ஏதோ என் நடை அழகு என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது நம் பாத்ரூமை நீ பார்க்க வேண்டும், பழைய பட்டையெல்லாம் உரித்தாயிற்று. கமோடுக்கு இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் செம்பருத்தி, கீழே பச்சைத் தண்டு, பச்சை இலை. கம்பியைச் சுற்றிப் பச்சைக் கொடி, அதைப் பிடித்தபடியே போனால் குழாய், குழாய்த் திருகின்மேல் டேப்பையே மடித்து மடித்துச் சுருட்டின ஒரு ரோஜா, அது அவளே செய்தது, எனக்கு வரவில்லை. பக்கெட்டில் நீல மீன் இரண்டு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. மக்குக் காதுக்கு நீலம். கண்ணாடிக்குப் பச்சை பிரேம். விரிசல் விட்ட டைல்ஸ்மேல் ஒரு தடித்த கொடியை ஓட்டி மறைத்துவிட்டேன், இந்தக் கொடி மட்டும் ஏன் கோணலா போவுது என்று கேட்டாள், இயற்கை என்று சொல்லியிருக்கிறேன். ஷஹீன் பானு வந்து பார்த்துவிட்டு, மாமா எங்க மாமியாருக்கும் கண்ணு கம்மிதான், எங்க வூட்டுக்கும் ஒட்டித் தாங்க என்று கேட்டிருக்கிறாள், அந்த அம்மாவுக்கு மயில் வேண்டுமாம், மயிலுக்கு நான் எங்கே போவது. ஆயர் ஐயா நம் வீட்டு ஜெபத்துக்கு வந்தவர் கை கழுவிட்டு வர்றேன் என்று உள்ளே போனார், போனவர் வரவே இல்லை, கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று எல்லாரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்து, வாடாத பூக்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம் என்று ஜெபத்திலேயே சேர்த்துவிட்டார். உங்கம்மாவுக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை.

இவ்வளவு நடந்தும் எனக்கு நிம்மதி இல்லை. பூ ஒட்டினது பெரிசு இல்லை, அவள் தண்ணீர் குடிக்கிறாளா என்பதுதானே பெரிசு. நான் கேட்கவில்லை, கேட்டால் வீம்புக்கென்றே குடிக்க மாட்டாள், கனகாம்பரத் தொட்டியை மட்டும் தினம் ஒருதடவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சாப்பிட்டோம், கத்தரிக்காய்க் குழம்பு, காரம் கொஞ்சம் ஜாஸ்தி. சாப்பிட்டு முடித்தவள், என்னாங்க அந்தச் சொம்பை இப்படிக் குடுங்க என்றாள். கொடுத்தேன். அண்ணாந்து மடக் மடக்கென்று முழுதும் குடித்தாள், தொண்டை ஏறி ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் என்றாள், அதையும் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே எழுந்தாள், சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள், புலித்தோல் படிக்கு முன்னால் நின்று கால் வைத்து ஏறினாள், கதவைச் சாத்தினாள், உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நான் பழக்கத்தில் எழுந்துபோய் வெளியே நின்றேன். அங்க இன்னா நிக்கிறீங்க, போய் வேலையப் பாருங்க என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல். நான் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, அழுதேன் மோசஸ். சந்தோஷத்தில்தான். கனகாம்பரம் வாடிப்போயிற்று, வாடட்டும் என்று இரண்டு நாள் விட்டுவைத்தேன், இப்போது நானே ஊற்றுகிறேன்.

நீ உடனே லீவு போட்டுக் கிளம்பிவிடாதே, கிறிஸ்துமஸுக்கு வா போதும், காட்பாடி ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேருமே வருவோம், ஆட்டோ சொல்லிக்கொள்கிறேன். வரும்போது சிவப்பும் கருநீலமும் மறக்காமல் எடுத்து வா, மயிலுக்கு வேண்டும், லைனிலிருந்து சுடாதே, கடையில் வாங்கு. முடியை ஒட்ட வெட்டிக்கொள், வீடியோவில் பார்க்கச் சகிக்கவில்லை. பெண் விஷயமாக உங்கம்மா கேட்டால் மழுப்பாமல் பதில் சொல். நவீன்குமார் முதல்முறையாக வெளிநாடு வருகிறான், சாப்பாட்டுக்குத் திண்டாடுவான், கூட வைத்துப் பார்த்துக்கொள்.

இதற்குமேல் மறைக்க முடியாது, நான் எழுதுகிற பேனாச் சத்தத்தை வைத்தே உங்கம்மா கண்டுபிடித்துவிட்டாள். முழுக்கப் படிச்சிக் காட்டுங்க என்று உட்கார்ந்துகொண்டாள், ஆடு முட்டின பொய் உட்பட எல்லாம் படித்துக் காட்டியாயிற்று, தொடையில் இப்போது இரண்டு இடத்தில் சிவந்திருக்கிறது. அனுப்பட்டுமா வேண்டாமா என்று கேட்டேன், கத்தரிக்கோலை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒரு செம்பருத்தி வெட்டினாள். இதழ் ஐந்தும் ஒரே சைஸ். இந்தக் கடிதத்தோடு பாலிதீன் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன், உன் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிக்கொள், லைனில் நிற்கும்போது கண்ணில் படுகிற மாதிரி. அது படும்போதெல்லாம் ஒரு வாய் குடி. உடம்பைப் பார்த்துக்கொள், காலையிலும் மாலையிலும் ஜெபம் பண்ணு, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயசீலன்

கீழே மூலையில் இருக்கிற பச்சைத் துண்டை நான் ஒட்டவில்லை. உங்கம்மா ஜெயபுஷ்பம் ஒட்டியது.